மலையும் கண்மாயும் ஒரே தீர்மானத்தில் வரட்டும்: பிரான்மலையைச் சுற்றியுள்ள கிராம சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மலையடி ஊர்களில் கிராம சபைக்கு வந்து உட்காரும் பெரியவர்களுக்கும், தாய்மார்களுக்கும், நாட்டார்களுக்கும், கோயில் நிர்வாகத்தாருக்கும், தர்கா ஜமாத்தாருக்கும் வணக்கம்.

நான் மனு எழுதுகிறவன். சிவகங்கை மாவட்டம் சிங்கம்புணரி வட்டாரத்தில் பத்தொன்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் பென்சன், அண்ணன் தம்பி பாகப்பிரிவினை என்று உங்களில் பாதி வீட்டுக் கதை என் எழுத்தில் எங்கோ ஓர் அலுவலகத்து அலமாரியில் இருக்கும். இத்தனை வருஷம் உங்களுக்காக அதிகாரிகளுக்கு எழுதினேன். இந்த ஒரு தடவை உங்களுக்கே எழுதுகிறேன். நான் கேட்கப்போகும் காரியத்துக்குக் கையெழுத்துப் போட வேண்டியது அரசாங்கம்தான். ஆனால் அது தொடங்க வேண்டிய இடம் நீங்கள் உட்காரும் சபை.

விஷயம் பிரான்மலை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு புரட்டாசியில் ஒரு பெரியவர் வந்தார். எண்பதை நெருங்கிய வயது. ஊரையும் பேரையும் இங்கே சொல்லப்போவதில்லை. அவர் ஊர்க் கண்மாய்க்கு மலையிலிருந்து தண்ணீர் வரும் வரத்துக்கால் அடைபட்டுக் கிடக்கிறது, மழை பிடிப்பதற்குள் அதைத் திறந்துவிட வேண்டும். இவ்வளவுதான் கோரிக்கை. அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. எழுதிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. முதலில் போன அலுவலகம், காலின் மேல்பகுதி தங்கள் எல்லையில் இல்லை என்று பதில் போட்டது. அடுத்த அலுவலகம், எல்லைக் கல்லுக்குக் கீழே தாங்கள் கை வைக்க முடியாது என்றது. மூன்றாவது இடத்தில், கண்மாய் எங்களுடையது, கால் எங்கள் கணக்கில் வராது என்றார்கள். இப்படியே பதினோரு மாதம். இடையில் ஐப்பசி வந்தது, போனது. அடுத்த வருஷம் கார்த்திகையில் பெரியவர் மறுபடி வந்து நின்றார். "எழுதுனது போதும் தம்பி. ஒரு தடவ நேர்ல வந்து பாத்துட்டு எழுது" என்றார்.

போனேன். முதல் நாள் ராத்திரி நல்ல மழை. மலையடியில் பாறை முடிந்து மண் தொடங்குகிற இடத்தில் தண்ணீர் புல்லைப் படுக்க வைத்துக்கொண்டு இறங்கியது. கலங்கலே இல்லை, அடியில் கிடந்த கூழாங்கல்லை எண்ணலாம். செருப்பைக் கழற்றிவிட்டு அதிலேயே நடந்தோம். கொஞ்ச தூரத்தில் இரண்டு பக்கமும் கல் அடுக்கிய பழைய கட்டு. அங்கே கால் ஓர் ஆள் படுக்கிற அகலம். அதைத் தாண்டியதும் இரண்டு சாண். அப்புறம் சீமைக்கருவேல் புதர். புதருக்குள் இடித்த வீட்டின் ஓட்டுச் சில்லு, காலி சிமெண்டு மூட்டை, தண்ணீர் பாட்டில், அன்னதானத்துக்குப் போட்ட பிளாஸ்டிக் தாள் தட்டு. தண்ணீர் அதில் முட்டி, ஒரு சுற்றுச் சுற்றி, பக்கவாட்டில் ஏறித் தார் ரோட்டுக்குப் போய்விட்டது. கண்மாய் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். உள்வாய் வெடித்துக் கிடந்தது. அவ்வளவு மழைக்கும் நடுவில் ஒரு குட்டை அளவு தண்ணீர். பெரியவர் குந்தி உட்கார்ந்து, கையிலிருந்த கம்பால் அந்தக் குப்பையைக் குத்திக் குத்தி, ஒரு விரல் அகலத் தண்ணீரைக் கண்மாய்ப் பக்கம் திருப்பினார். அது ஓரடி ஓடி மண்ணுக்குள் போய்விட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. மறுபடி குத்தினார்.

அந்தக் கம்பைத்தான் நான் இந்தக் கடிதம் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மூன்று பதில்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. மூன்று பேர் சொன்னதும் அவரவர் கோப்புப்படி சரி. காடு வனத்துறையிடம் இருக்கிறது. அடிவாரக் கோயில் குன்றக்குடி ஆதீனத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. உச்சியில் ஷேக் அப்துல்லா அவர்களின் தர்கா. மலைக்கும் ஊருக்கும் நடுவே புறம்போக்கு, தரிசு, பட்டா என்று துண்டு துண்டாக நிலம். கண்மாய்களில் சில ஒன்றியத்தின் பொறுப்பு, சில நீர்வளத் துறைக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவேடு உண்டு. மலையும் அதன் சரிவும் அதில் இறங்கும் தண்ணீரும் அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் கண்மாயும் சேர்ந்து ஒரே சொத்து என்று எழுதிய பதிவேடு மட்டும் எங்கேயும் இல்லை. மனு அலைந்ததற்குக் காரணம் அதுதான். தண்ணீருக்கு எல்லைக் கல் தெரியாது, மனுவுக்கு அதைத் தாண்டத் தெரியாது.

பிரான்மலை பெரிய மலை ஒன்றும் இல்லை. சுமார் 2,500 அடி. கொடைக்கானல் 7,000 அடிக்கு மேலே இருக்கிறது. ஆனால் நாம் இருக்கும் சீமை தட்டையான சீமை. செட்டிநாட்டில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கிடையாது. சிங்கம்புணரி வழியாகப் போகும் பாலாற்றில் தண்ணீர் வந்தால் ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறோம். காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் வளவுக்குள் விழும்படி கட்டியதும், பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொழும்புக்கும் போய்ச் சம்பாதித்தவர்கள் ஊர் திரும்பி முதல் காரியமாகச் செம்புறாங்கல் படி வைத்து ஊருணி வெட்டியதும், மழை ஒன்றைத் தவிர வேறு கதி இல்லாத மண் இது என்பதால்தான். அப்படிப்பட்ட மண்ணில் மேகத்தை முதலில் தொடும் இடம் இந்த மலை. சிவகங்கை, மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை என நாலு மாவட்டம் நெருங்கி வரும் மூலையில் நிற்கிறது. பொன்னமராவதிப் பக்கமிருந்து வந்தாலும் கொட்டாம்பட்டிப் பக்கமிருந்து வந்தாலும் வண்டியில் இருப்பவர்கள் "மலை தெரிஞ்சிருச்சு" என்று சொல்லித்தான் பையை எடுத்து மடியில் வைப்பார்கள்.

பறம்புமலை என்று இதற்குப் பெயர் இருந்த காலத்திலிருந்தே இதைப் பற்றிய பேச்செல்லாம் விளைச்சலும் தண்ணீரும் பற்றியதுதான். மூவேந்தரும் முற்றுகை போட்டபோது கபிலர் அவர்களிடம் சொன்னதாகப் புறநானூற்றில் வருவது உங்களில் பலருக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். நீங்கள் எத்தனை நாள் சுற்றி நின்றாலும் இந்த மலை பட்டினி கிடக்காது, உழாமலே நாலு விளைச்சல் தரும்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததை நாம் மேடை போட்டுப் பேசுகிறோம், பாரி விழா எடுக்கிறோம். எனக்கு அதைவிட மனசில் நிற்பது அதே புறநானூற்றில் உள்ள இன்னொரு சிறிய பாட்டு, 118ஆவது. பாரி இறந்த பிறகு கபிலர் பாடியது. பாறைகளுக்கு நடுவே, எட்டாம் நாள் பிறைபோல வளைந்த கரை உள்ள ஒரு சின்னக் குளம், தெளிந்த தண்ணீர் உள்ள குளம், பார்ப்பாரின்றி உடைந்துபோகிறதே என்று வருத்தப்படுகிறார். அரசன் போனான், கோட்டை போனது, வீரர்கள் போனார்கள். புலவர் கண்ணில் பட்டது கரை உடைந்த ஒரு குளம். நாடு கெட்டது என்பதற்கு அவர் காட்டிய அடையாளம் அது. இரண்டாயிரம் வருஷத்துக்கு அப்புறம் அதே மலையடியில் ஒரு பெரியவர் கம்பு வைத்துக்கொண்டு குந்தியிருந்ததைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பாட்டுத்தான் வந்தது.

ஞானசம்பந்தரும் கொடுங்குன்றம் என்று இந்த மலையைத்தான் பாடினார். பாண்டிநாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் பதினான்கில் இதுவும் ஒன்று. சாமியைப் பாட வந்தவர் மழைமேகத்தையும் குளிர்ந்த சாரலையும்தான் முதலில் பாடுகிறார். கோயில் மூன்று அடுக்கு: கீழே பாதாளம், நடுவில் பூமி, மேலே கயிலாயம். மேல் அடுக்கில் குடைவரைக்குள் மங்கைபாகர். அதற்கும் மேலே காட்டுப்பாதை. மருதுபாண்டியர் காலத்தில் இது கோட்டை மலை. உச்சிப்பக்கம் பழைய பீரங்கி ஒன்று இன்றைக்கும் வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே தர்கா. ஏறுகிறவர்களில் யார் எந்தச் சாமிக்கு ஏறுகிறார் என்று பாதையில் வைத்துச் சொல்ல முடியாது. பாத்தியா ஓத நேர்ந்துகொண்ட இந்துக் குடும்பங்களை எனக்குத் தெரியும். இத்தனையும் ஒரே மலையில். இதைவிட நமக்கு என்ன வேண்டும்?

என் அப்பத்தா மலையடி ஊர்க்காரி. உசிலை இலையை நிழலில் காயவைத்து இடித்து, அந்தத் தூளில்தான் எங்களுக்குத் தலை அலசிவிடும். சோப்பு வந்த பிறகும் அதற்கு உசிலைதான். ஒரு பஞ்சத்தில் மலையில் வள்ளிக்கிழங்கு அகழ்ந்து அவித்துத் தின்றே இரண்டு மாதம் ஓட்டியதாகச் சொல்லும். மலைக்குப் போய்விட்டு வந்தால் மடியில் ஏதாவது இருக்கும்: சிறுகுறிஞ்சான் கொடி, ஒரு பிடி காரைப்பழம், முறிந்து விழுந்த விறகு. பச்சை மரத்தில் கை வைக்காது. "மேல வெட்டுனா கீழ வத்தும்" என்று அது சொன்னதை நான் அப்போது ஏதோ பழமொழி என்று நினைத்தேன். கண்ணால் பார்த்த கணக்கைத்தான் அப்பத்தா சொல்லியிருக்கிறது.

அந்தக் கணக்கு இதுதான். நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்க்கிற மழை. வெறும் பாறையில் கொட்டினால் ஒரு மணி நேரத்தில் எல்லாம் கீழே வந்து, ரோட்டை அறுத்து, ஓடிப்போய்விடும். மரமும் புதரும் சருகும் இருந்தால் மழை இலையில் விழுந்து, கிளை வழியாக இறங்கி, சருகில் ஊறி, வேர் பிடித்த மண்ணுக்குள் போய், பாறை இடுக்கில் நின்று, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வரும். மழை நின்று பத்து நாள் கழித்தும் காலில் நூல் மாதிரி தண்ணீர் வருகிறதே, அது இந்தச் சேமிப்பு. அந்த நூல்தான் கண்மாயை நிரப்புவது. ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு வழிய, மறுகால் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகும், அங்கிருந்து அடுத்ததற்கு. முதல் கண்மாய்க்கு வராத தண்ணீர் அஞ்சாவது கண்மாய்க்கு எப்படி வரும்? அஞ்சாவது கண்மாய்க்காரர் தன் ஊரில் நின்றுகொண்டு மழை குறைந்துவிட்டது என்கிறார். சித்திரை வைகாசியில் தண்ணீர் வற்றியதும் கச்சாவும் ஊத்தாவும் தூக்கிக்கொண்டு மீன்பிடித் திருவிழாவுக்கு இறங்குகிறோமே, அந்தக் கெண்டையும் விராலும்கூட மலைக்குக் கடன்பட்டவைதான்.

சரி, மலைக்கு இப்போது என்ன கேடு என்று கேட்பீர்கள். ஒன்றும் ஒரேயடியாக நடந்துவிடவில்லை. அதுதான் ஆபத்து.

தீ ஒன்று. பங்குனியில் ஒரு ராத்திரி கடையை அடைத்துவிட்டுத் திரும்பும்போது மலை இடுப்பில் சிவப்பு நூல் கட்டிய மாதிரி தெரிந்தது. பார்க்கப் பார்க்க நூல் கயிறாயிற்று. மலையடிப் பையன்கள் வேப்பங்குழையும் விராலிக் குழையும் ஒடித்துக்கொண்டு, வனக்காவலர்களோடு சேர்ந்து மேலே ஏறினார்கள். விடியக்காலம் இறங்கி வந்தபோது மூக்குக்குள் கரி, முழங்கை மயிர் பொசுங்கியிருந்தது. ஒரு பையன் கையை விரித்துக் காட்டினான், குழையின் காம்பு அழுத்திய இடம் கொப்புளித்து நீர் கோத்திருந்தது. மறுநாள் காலையில் வாசலில் வைத்திருந்த தண்ணீர்க் குடத்தின் மேல் சாம்பல் மிதந்தது. எப்படிப் பிடித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு பீடித்துண்டு, ஒரு கற்பூரக் கட்டி, சமையல் செய்த அடுப்பில் மிஞ்சிய கங்கு, எதுவாகவும் இருக்கலாம். தீயில் பெரிய மரம் தப்பிவிடும். போவது கன்றும் சருகும். அடுத்த மழையில் மேல்மண் கரைந்து கால் வழியாகக் கண்மாய்க்குள் வந்து படியும். கண்மாய் மேடாகிவிட்டது, தூர் வார வேண்டும் என்று நானே எத்தனை மனு எழுதியிருக்கிறேன்! அந்தத் தூரில் ஒரு பங்கு மலையில் எரிந்த இடத்து மண்.

குப்பை இன்னொன்று. இதில் மூன்றாம் மனிதரைச் சொல்லிப் பயனில்லை, நாம்தான் போடுகிறோம். தீபத்துக்கும், பௌர்ணமிக்கும், கந்தூரிக்கும் ஏறுகிறோம். ஏறும்போது தோளில் போகும் பை இறங்கும்போது காலியாக வருகிறது. குரங்குகள் அதைக் கிழித்துக் காடெல்லாம் இறைக்கின்றன. முதல் மழைக்கு எல்லாம் காலில் வந்து அடைக்கிறது. நான் பார்த்த அந்த அடைப்பில் பாதி அது.

மலையடித் தரிசுகளில் ஆர்.எஸ்.பதி என்கிற தைலமரம் வைப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆள் செலவு இல்லாமல் சில வருஷத்துக்கு ஒரு தடவை காசு பார்க்கலாம் என்று வைக்கிறார்கள், புரிகிறது. ஆனால் தண்ணீர் இறங்கி வரும் வழியிலேயே வரிசையாக வைத்தால், மண்ணில் இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் அது உறிஞ்சிவிடுகிறது, அடியில் புல்கூட முளைப்பதில்லை. பட்டா நிலத்தில் வைக்காதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வரத்துக்கால் ஓரத்தில் மட்டும் வேண்டாம் என்று அண்ணன் தம்பியாகக் கேட்டுக்கொள்ளலாம்.

கல் குவாரி பற்றி இந்த மலைக்கு இன்று அவசரச் சேதி எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் பக்கத்துச் சீமைகளில் குன்றுகள் ஜல்லியாகிப் போனதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மலை காப்புக்காடுதானே, என்ன பயம் என்று சிலர் கேட்கிறார்கள். 2021 நவம்பரில், காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று தமிழக அரசு விதி போட்டது. 2022 டிசம்பரில் அதைத் திருத்தி, அந்த ஒரு கிலோமீட்டர் பாதுகாப்பிலிருந்து காப்புக்காட்டை எடுத்துவிட்டது. ஒரு பெயர் எவ்வளவு சீக்கிரம் பலமிழக்கும் என்பதற்கு இதைச் சொன்னேன். நம் மலைக்குக் கூடுதலாக இன்னொரு பெயர் வேண்டும்.

அந்தப் பெயர் ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். 2002ஆம் வருஷத்துப் பல்லுயிர்ச் சட்டத்தின் 37ஆவது பிரிவு. உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்துகொண்டு மாநில அரசு ஓர் இடத்தை அப்படி அறிவிக்கலாம். தமிழ்நாட்டில் முதன்முதலாக அந்தப் பெயர் வாங்கியது நம் பக்கத்துச் சீமைதான்: மேலூர் தாலுகாவில் அரிட்டாபட்டி. 2022 நவம்பரில், அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்து சுமார் 193 ஹெக்டேர். அங்கேயும் மலைகள் சிறியவை. அங்கேயும் சுனை, குடைவரை, கண்மாய், வல்லூறு. சரியாக இரண்டு வருஷம் கழித்து, 2024 நவம்பரில், அந்த இடத்தையும் உள்ளே வைத்து ஏறத்தாழ 5,000 ஏக்கரை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்தது. ஊர் ஊராகக் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். வீடு பூட்டிவிட்டு வந்து ரோட்டில் உட்கார்ந்தார்கள். டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தது. 2025 ஜனவரி 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. போராடியது ஜனங்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் முதல் நாளிலிருந்தே அவர்கள் கையில் காட்ட ஒரு காகிதம் இருந்தது. மனு எழுதுகிறவனுக்கு அந்தக் காகிதத்தின் அருமை தெரியும்.

சட்டம் வருவதற்கு முன்னாலேயே ஊர் தானாக முடிவெடுத்த இடமும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள். 1977இல் பறவைகள் சரணாலயம் ஆனது. அங்கே குஞ்சு பொரிக்கும் பறவைகள் பயந்துவிடக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்க மாட்டார்கள். கொள்ளுக்குடிப்பட்டியில் பெண் எடுத்த என் சிநேகிதன் தலைதீபாவளிக்கு மத்தாப்பு மட்டும் கொளுத்திவிட்டு வந்தான். எந்த போலீசும் போய் நிற்பதில்லை. ஊர்க் கட்டுப்பாடு, அவ்வளவுதான். அந்த மனசு மலையடிக்காரர்களிடமும் உண்டு. தீயணைக்கப் போன பையன்களை யாரும் கூலி கொடுத்து அனுப்பவில்லை.

இப்படி அறிவித்துவிட்டால் ஆடு மாடு ஏறக் கூடாது, சுள்ளி பொறுக்கக் கூடாது, கோயிலுக்கும் தர்காவுக்கும் சீட்டு வாங்கிக்கொண்டு போகணும் என்று ஆகிவிடுமோ என்ற பயம் உங்களுக்கு இருக்கும். என்னிடம் பேசிய அத்தனை பேரும் முதலில் கேட்டது இதைத்தான். பாரம்பரியத் தலம் என்பதற்காக நிலம் யார் கையிலிருந்தும் போகாது. ஊர் ஜனங்கள் வழக்கமாக அனுபவித்து வருவதில், அவர்களே விரும்பி வைத்துக்கொள்ளும் கட்டுப்பாட்டைத் தவிர வேறு தடை இதனால் வராது என்றுதான் அதற்கான வழிகாட்டுதல் சொல்கிறது. வனச்சட்டத்தில் இன்றைக்கு இருப்பது இருந்தபடி இருக்கும். பயம் தீரவில்லை என்றால், அந்தப் பயத்தையே தீர்மானத்தில் ஒரு வாக்கியமாக எழுதுங்கள்: மேய்ச்சல், வழிபாடு, மூலிகை, சுள்ளி ஆகியவற்றில் எங்களுக்குள்ள வழக்கத்தைக் காப்பாற்றித்தான் இதைக் கேட்கிறோம் என்று. அப்படி எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது.

நான் கேட்பது இது. வருகிற மார்ச் 22, தண்ணீர் தினக் கிராம சபை. மலையைச் சுற்றியுள்ள எல்லா ஊராட்சியும் அன்றைக்கு ஒரே வாசகத்தில் ஒரு தீர்மானம் போட வேண்டும். ஓர் ஊராட்சி மட்டும் போட்டால் அது அந்த ஊர் எல்லையோடு நின்றுவிடும், பெரியவர் மனு மாதிரியே அலையும். பிரான்மலை, அதன் சரிவு, அதிலிருந்து இறங்கும் வரத்துக்கால்கள், அவை சேரும் கண்மாய்கள், எல்லாவற்றையும் ஒன்றாகப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கக் கேட்க வேண்டும். மலையை மட்டும் கேட்டுவிட்டு வரத்துக்காலை விட்டுவிடாதீர்கள். அதோடு, உங்கள் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு எங்கே இருக்கிறது, மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றைக்கே கேளுங்கள். அதே சட்டத்தின் 41ஆவது பிரிவுப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் அந்தக் குழு இருக்க வேண்டும். பதிவேட்டில் மலைச்செடியின் பெயர்களை எழுதப் பட்டணத்திலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. ஆடு மேய்க்கும் அக்காக்களை உட்கார வைத்துக் கேட்டாலே நோட்டு நிறைந்துவிடும். தலைவர் நடத்தினாலும் தனி அலுவலர் நடத்தினாலும் சபை உங்களுடையது. தீர்மானம் எழுதும் வரை எழுந்திருக்காதீர்கள்.

பங்குனிக்குள், தீ தாண்டிப் பரவாமல் இருக்கத் தீக்கோடு வெட்ட வேண்டும். இதை வனத்துறையோடு பேசித்தான் செய்ய வேண்டும், நாமாகப் போய் வெட்டக் கூடாது. நாற்பது பையன்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு போனால் அவர்களும் சந்தோஷப்படுவார்கள், அவர்களுக்கும் ஆள் பற்றாக்குறை.

ஆதீனத்தாருக்கும் ஜமாத்தாருக்கும் ஒரே விண்ணப்பம். சித்திரைத் திருவிழாவுக்கும் கந்தூரிக்கும் அடிவாரத்தில் ஒரே பந்தல் போட்டு, மேலே போகும் பிளாஸ்டிக்கை எண்ணி, இறங்கும்போது எண்ணி வாங்குங்கள். இரண்டு பேரும் சேர்ந்து சொன்னால் இந்த மலையில் அதை மீறுகிற ஆள் கிடையாது. சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் நகரத்தார் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் ஐயாக்கள் வெட்டிவைத்த ஊருணிகளில் இன்றைக்கும் நாங்கள் தண்ணீர் எடுக்கிறோம். வரத்துக்கால் ஒன்றை அளந்து, கல் நட்டு, சுத்தமாக வைத்திருக்க ஆகும் செலவு ஒரு கல்யாணத்தின் சாப்பாட்டுச் செலவுகூட இல்லை.

தீர்மான வாசகத்தை எழுதி, முப்பது பிரதி எடுத்துக் கடையில் வைத்திருக்கிறேன். காசு வேண்டாம். வரும்போது உங்கள் ஊர் 'அ' பதிவேட்டிலிருந்து வரத்துக்கால் புறம்போக்கின் சர்வே எண்களையும், கிடைத்தால் புல வரைபடத்தையும் எடுத்து வாருங்கள், அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அந்தப் பெரியவர் தன் ஊர் எண்களைப் போன வாரமே கொண்டுவந்து கொடுத்துவிட்டார்.

இப்படிக்கு,
உங்கள் மனு எழுதுகிறவன்